மருக்கடியனும் அதன் புல்வெளியும்

கோடைக்காலத்து நண்பகலில் புல்வெளி ஒன்றின் நடுவே நிற்பவர் செவியில் ஒலிகள் பல வந்து விழும். கிறீச்சென்று ஒன்று ஒலிக்கும். சரசரவென்று மற்றொன்று ஒலிக்கும். இடைவிடாது இரையும் ஒலியும் ஒன்று உண்டு. ஒலி வந்த திசையில் கண்ணைச் செலுத்தினால் புல்லும் பூவும் தோன்றுமேயன்றிப் பாடுகின்ற உயிர் புலப்படாது. ஓரடி எடுத்து வைத்தாலோ பாட்டு நின்றுவிடும். அரிதின் முயன்று அவ்வுயிரைக் கண்டவரும், 'இஃது ஒரு வெட்டுக்கிளி' என்று சொல்லி அவ்வளவில் அமைவர். ஆனால், வெட்டுக்கிளி என்னும் அவ்வொரு சொல்லுக்குள் ஆயிரக்கணக்கான இனங்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் இஃது இன்ன இனம் என்று துணிவதற்கு உருவம் மட்டும் போதாது. குரலும் பொழுதும் வாழிடமும் சேர்த்து அறியப்படுதல் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்கு இங்கிலாந்தின் தென்பகுதிப் புல்வெளிகளில் அருகி வாழும் ஒரு பூச்சியின் வரலாறு பெரிதும் பொருந்துவதாகும்.

வெட்டுக்கிளிகள் இரு பெரும் பிரிவினவாம். அவற்றைப் பிரித்து அறிய விரும்புவோர் முதற்கண் நோக்க வேண்டியது அவற்றின் தலையிலுள்ள உணர்கொம்பு. சிலவற்றின் உணர்கொம்பு குட்டையாகவும் சற்றுத் தடித்தும் இருக்கும். அவை குறுங்கொம்பு வெட்டுக்கிளிகள். பெருங்கூட்டமாகப் பறந்து சென்று பயிர்களை அழிக்கும் பாலைவன வெட்டுக்கிளி இப்பிரிவைச் சார்ந்தது. வேறு சிலவற்றின் உணர்கொம்பு தலைமயிர் போல மெல்லியதாய், உடலின் நீளத்தை ஒத்தோ அதனினும் மிக்கோ நீண்டிருக்கும். அவை நெடுங்கொம்பு வெட்டுக்கிளிகள். உலகில் இதுவரை 7,000க்கும் மேற்பட்ட நெடுங்கொம்பு இனங்கள் அறியப்பட்டுள்ளன. தமிழ்நாட்டு வயல்வரப்புகளிலும் இருவகையும் உண்டு. வரப்பின்மேல் குனிந்து உணர்கொம்பை மட்டும் உற்றுநோக்கும் மாணவன் எவனும் இவ்விரண்டையும் எளிதில் வேறுபடுத்தி அறியலாம்.

ஒலி எழுப்பும் முறையிலும் இவ்விரு பிரிவுகளும் வேறுபடும். குறுங்கொம்பு வெட்டுக்கிளி தன் பின்காலின் தொடையை முன்சிறகின்மீது தேய்த்து ஒலி எழுப்பும். நெடுங்கொம்பு வெட்டுக்கிளியோ சிறகோடு சிறகை உரசிப் பாடும். அதன் இடப்புற முன்சிறகு வலப்புறச் சிறகின்மேல் படிந்திருக்கும். இடச்சிறகின் அடிப்பக்கத்தில் அரம் போன்று பல் பல்லாய் அமைந்த நரம்பு ஒன்று உண்டு. வலச்சிறகின் விளிம்பு அவ்வரத்தின்மீது உராயும்பொழுது சிறகின் மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி பிறக்கின்றது. பெரும்பாலும் ஆணே பாடும்; அப்பாட்டு பெண்ணை அழைத்தற்கும் பிற ஆண்களை விலக்குதற்கும் உரியதாகும்.

பாடும் உயிருக்குக் கேட்கும் செவியும் வேண்டுமன்றோ? அச்செவி அமைந்துள்ள இடம் வியப்புக்குரியது. நெடுங்கொம்பு வெட்டுக்கிளியின் செவி தலையில் இல்லை. முன்கால்களில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே சிறு பிளவு போலக் காணப்படும். குறுங்கொம்பு வெட்டுக்கிளிக்கு அது வயிற்றின் தொடக்கத்தில் இருபுறமும் அமைந்திருக்கும். இனி, நெடுங்கொம்பு வெட்டுக்கிளியில் பெண்ணின் உடலுக்குப் பின்னே வாள் போன்ற உறுப்பு ஒன்று நீண்டிருக்கும். அறியாதார் அதனைக் கொடுக்கு என்று கருதி அஞ்சுவர். உண்மையில் அது முட்டையிடும் குழல். கொட்டுதற்கு உரிய கருவி அன்று.

அமெரிக்க நாட்டு மக்கள் இந்நெடுங்கொம்பு வெட்டுக்கிளிகளைக் 'கேட்டிடிட்' என்று அழைப்பர். அந்நாட்டு மரங்களில் வாழும் ஓரினம் இரவெல்லாம் எழுப்பும் ஒலி, 'கேட்டி செய்தாள், கேட்டி செய்யவில்லை' என்று ஆங்கிலத்தில் வழக்காடுவது போல் அவர்கள் செவிக்குப் பட்டமையே அதற்குக் காரணம். காக்கை கரையும் ஒலியால் பெயர் பெற்றது போல, இப்பூச்சியும் தன் குரலாலேயே பெயர் பெற்றது எனலாம்.

இங்கிலாந்தில் அருகி வாழும் பூச்சி என்று மேலே குறிக்கப்பட்டது இந்நெடுங்கொம்பு வெட்டுக்கிளிகளுள் ஒன்றே. அதற்கு அறிவியலார் வழங்கும் பெயர் 'டெக்டிகஸ் வெரூசிவோரஸ்' என்பது. இலத்தீன் மொழியில் 'வெரூகா' என்பது மருவைக் குறிக்கும். 'வோராரே' என்பது விழுங்குதலைக் குறிக்கும். 'டெக்டிகஸ்' என்பதோ கடிக்க வல்லது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஆகவே, மருவைக் கடித்துத் தின்பது என்பது அப்பெயரின் கருத்து. அதனைத் தமிழில் மருக்கடியன் என்று வழங்கலாம்.

இவ்வியப்பான பெயர் எவ்வாறு வந்தது? உயிரினங்களுக்கு இரு சொற்களால் ஆன பெயரிடும் முறையை நிலைநாட்டிய பேரறிஞர் லின்னேயஸ் என்பார் சுவீடன் நாட்டினர். அந்நாட்டு உழவர் தம் கையில் மரு தோன்றினால் இப்பூச்சியைப் பிடித்து அதன்மீது விட்டுக் கடிக்கச் செய்வர். அதன் தாடை வலிமை மிக்கது. கடிக்கும்பொழுது வாயிலிருந்து பழுப்பு நிறமான நீர் ஒன்றும் சுரக்கும். அக்கடியாலும் அந்நீராலும் மரு உதிர்ந்துவிடும் என்று அவர்கள் நம்பினர். லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூற்பதிப்பில் அவ்வழக்கத்தை உளங்கொண்டு இப்பூச்சிக்குப் பெயர் சூட்டினார். மருக்கள் பல தாமாகவே காலப்போக்கில் மறைவன. ஆதலின், அம்மருத்துவத்தின் பயன் ஐயத்திற்குரியதே. எனினும், பெயர் நிலைத்துவிட்டது.

மருக்கடியனை இனங்காணும் அடையாளங்கள் சில உள. அது பருத்த உடலினது. வளர்ச்சி முற்றிய பூச்சி 31 முதல் 37 மில்லிமீட்டர் வரை நீளமிருக்கும். பெரும்பாலானவற்றின் நிறம் கரும்பச்சை. அப்பச்சையின்மேல் கரும்பழுப்பான திட்டுகள், மை தெளித்தாற்போல, சிறகுகளிலும் கழுத்துப் பகுதியிலும் காணப்படும். சிறகுகள் வயிற்றின் முடிவளவும் நீண்டிருக்கும். பெண்ணின் முட்டையிடு குழல் நீண்டு, நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும்.

ஆயினும், நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்வது பிழைபட நேரும். மருக்கடியன்களுள் சில பச்சையின்றிச் சாம்பல் நிறமாகவோ பழுப்பு நிறமாகவோ இருப்பதும் உண்டு. அன்றியும், அதே நாட்டுப் புல்வெளிகளில் அதனோடு மயங்கத்தக்க வேறு நெடுங்கொம்பு வெட்டுக்கிளிகளும் வாழ்கின்றன. பெரும்பச்சை வெட்டுக்கிளி என்பது ஒன்று. அது மருக்கடியனினும் நீண்டது. 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதன் உடல் முழுதும் பசுமையாயிருக்க, முதுகில் பழுப்புக் கோடு ஒன்று மட்டும் ஓடும், கருந்திட்டுகள் இரா. உரோசெல் வெட்டுக்கிளி என்பது மற்றொன்று. அது மிகச் சிறியது. அதன் கழுத்தின் பக்கத்தகடுகளைச் சுற்றி வெளிறிய கரை, சேலைக்கு இட்ட கரை போலத் தெளிவாய்த் தோன்றும். அதன் சிறகுகளும் பெரும்பாலும் குட்டையானவை.

கண்ணுக்குப் புலப்படாது புல்லுக்குள் மறைந்திருக்கும் பூச்சியை எவ்வாறு அறிவது? அங்குச் செவியே துணை. மருக்கடியனின் பாட்டு 'டிக் டிக்' என்னும் சிற்றொலிகளின் கோவை. முதலில் அவ்வொலிகள் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல எழும். பின்னர் விரைவு மிகும். பின்னர் இடையறாத தொடராகிச் சில நிமிடங்கள் நீடிக்கும். மிதிப்பதை நிறுத்திய பின்னும் உருண்டோடும் மிதிவண்டியின் பின்சக்கரத்தில் எழும் ஒலியை அது ஒருவாறு ஒக்கும். உரோசெல் வெட்டுக்கிளியின் பாட்டோ இத்தகையதன்று. அது மின்கம்பியின் இரைச்சல் போல ஒரே சீராக நீண்டு ஒலிப்பது.

பாடும் பொழுதும் ஓர் அடையாளமே. பெரும்பச்சை வெட்டுக்கிளி பிற்பகலில் பாடத் தொடங்கி இரவிலும் நெடுநேரம் பாடும். மருக்கடியன் கதிரவனின் அடியான். வெயில் நன்கு எறிக்கும் பகற்பொழுதிலேயே அது வாய்திறப்பது போலச் சிறகு திறக்கும். மேகம் கதிரவனை மறைத்தால் பாட்டு ஓயும்; மேகம் விலகினால் மீண்டும் எழும். இரவில் புல்வெளியில் ஒலி கேட்டவர், 'அது மருக்கடியன் அன்று' என்று கண்ணால் காணாமலே துணியலாம்.

இங்ஙனம் உருவம், குரல், பொழுது ஆகிய மூன்றும் ஒத்த பின்னரும் எஞ்சி நிற்பது ஒன்று உண்டு. அதுவே நிலம். தமிழ் இலக்கணம் வகுத்த சான்றோர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். அந்நிலத்தில் தோன்றி வாழும் மாவும் மரமும் புள்ளும் பிறவும் கருப்பொருள் என்றனர். முதற்பொருளை விட்டுக் கருப்பொருள் தனித்து நில்லாது என்பது அவர் கருத்து. பாட்டுக்கு அவர் வகுத்த அம்முறை, உயிர்களை ஆராய்வார்க்கும் நல்வழி காட்டுவதாகும். மருக்கடியனின் நிலத்தை அறிந்தாலன்றி மருக்கடியனை அறிந்ததாகாது.

ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும், அதற்குக் கிழக்கே ஆசியாவின் குளிர்ந்த பகுதிகளிலும் மருக்கடியன் பரவியுள்ளது. ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளில் அதன் பாட்டை இன்றும் கேட்கலாம். ஆனால், இங்கிலாந்தில் அது வாழும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றுள் சிறந்தது தென் இங்கிலாந்தில் பிரைட்டன் நகருக்கு அணித்தாயுள்ள காசில் ஹில் என்னும் காப்புப் புல்வெளியாகும். அது தென் டவுன்ஸ் எனப்படும் குன்றுத் தொடரைச் சார்ந்தது. அத்தொடர் 2010ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அமைக்கப்பெற்றது.

டவுன்ஸ் குன்றுகளின் இயல்பு அறியத்தக்கது. அவை சுண்ணக்கட்டி போன்ற வெண்பாறையால் ஆயவை. பலகோடி ஆண்டுகளுக்கு முன்பு அப்பகுதி கடலடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓட்டுத் துகள்கள் படிந்து இறுகிப் பாறையாயின. பின்னர் நிலம் உயர்ந்து அப்பாறை குன்றுகளாயிற்று. அப்பாறையின்மேல் உள்ள மண் மிக மெல்லியது. மழைநீர் நில்லாது கீழே வடிந்துவிடும். வளமான நிலம் என்று உழவர் எவரும் அதனைச் சொல்லார். ஆயினும், வியத்தகு செய்தி ஒன்று உண்டு. அவ்வளங்குறைந்த நிலத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பிலேயே 40 வகைச் செடிகொடிகள் வரை காணப்படுதல் உண்டு. வளம் மிகுந்த நிலத்தில் வலிய புல் சிலவே ஓங்கி வளர்ந்து ஏனையவற்றை நெருக்கி அழித்துவிடும். வளம் குன்றிய நிலத்திலோ எதுவும் மிக ஓங்குவதில்லை. ஆகவே, சிறியனவும் எளியனவும் பலவாக ஒருங்கு கூடி வாழ்கின்றன.

இப்புல்வெளியை இவ்வாறு காத்தவை ஆடுகள். பல நூற்றாண்டுகளாக அங்குள்ள இடையர் தம் செம்மறியாடுகளைப் பகலில் குன்றின்மேல் மேய்த்தனர். மாலையில் கீழிறக்கி, விளைநிலங்களில் கிடை மடக்கினர். குன்றின் புல் ஆட்டின் வயிற்றில் எருவாகி வயலுக்குச் சென்றது. இதனால் வயல் செழித்தது. குன்று மெலிந்தே நின்றது. அம்மெலிவே பூக்களுக்கும் பூச்சிகளுக்கும் வாழ்வாயிற்று.

இனி, மருக்கடியனின் வாழ்க்கை முறையைக் காணலாம். கோடையின் பிற்பகுதியில் பெண் பூச்சி தன் முட்டைகளை மண்ணுக்குள் இடும். குழல் எளிதில் இறங்குதற்கு ஏற்றவாறு, புல்லின்றி வெறுமையாயுள்ள இடத்தையோ, புல் மிகக் குட்டையாயுள்ள இடத்தையோ அது தேர்ந்துகொள்ளும். அம்முட்டைகள் அடுத்த வேனிலில் பொரிப்பதில்லை. இங்கிலாந்தில் அவை குறைந்தது இரண்டு குளிர்காலங்கள் மண்ணுள் கிடந்த பின்னரே பொரிக்கும். சில, அதனினும் நீண்ட காலம் உறங்கிக் கிடப்பதும் உண்டு. ஓராண்டு கோடை பொய்த்தாலும் மறு ஆண்டுக்கென மண்ணுள் முட்டைகள் எஞ்சியிருக்கும். உழவன் விதைநெல்லைச் சேமித்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

ஏப்பிரல் மாதத்தில் குஞ்சுகள் வெளிவரும். அவை தாய்ப்பூச்சியின் சிற்றுருவமாய், ஆனால் சிறகின்றித் தோன்றும். சிறகு முற்றிய நிலையை அடையும் முன் அவை ஏழு பருவங்களைக் கடக்கும். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பழைய தோலைக் கழற்றும். சூலைத் திங்களின் தொடக்கத்தில் வளர்ச்சி முற்றிய பூச்சிகள் தோன்றும். அக்டோபருக்குள் அவற்றின் வாழ்வு முடிந்துவிடும். அவற்றின் உணவு செடிகளின் தழையும் மலரும் மட்டும் அன்று. சிறு பூச்சிகளையும் அவை பிடித்து உண்ணும்.

இவ்வாழ்க்கைக்கு எத்தகைய புல் வேண்டும் என்பதைச் செர்ரில், பிரவுன் என்னும் ஆய்வாளர் இருவர் தென் இங்கிலாந்துச் சுண்ணப் புல்வெளியில் ஆராய்ந்து, 1990ஆம் ஆண்டிலும் 1992ஆம் ஆண்டிலும் கட்டுரைகள் வெளியிட்டனர். இளங்குஞ்சுகள் குட்டையான புல்லுள்ள இடங்களையே விரும்புகின்றன. அங்குக் கதிரவன் வெப்பம் தரையில் நேரே படுதலால் அவை விரைந்து வளர்கின்றன. வளர்ந்து பருத்த பின்னரோ, அவ்விடம் அவற்றுக்கு ஏமம் உடையதன்று. பறவைகளின் கண்ணுக்கு அவை எளிதில் தென்பட்டுவிடும். ஆதலால், வளர்ந்த பூச்சிகள் அடர்ந்து உயர்ந்த புற்கற்றைகளை நாடிச் செல்கின்றன. அங்கு ஒளிந்திருந்து, வெயில் காய்தற்கு மட்டும் வெளிவருகின்றன. முட்டையிடுங் காலம் வந்ததும் பெண் பூச்சி மீண்டும் வெற்றிடத்தைத் தேடுகின்றது.

ஆகவே, மருக்கடியனுக்கு வேண்டுவது குட்டைப் புல்வெளி மட்டும் அன்று. நெட்டைப் புல்வெளி மட்டும் அன்று. வெறுந்தரையும் குட்டைப் புல்லும் உயர்ந்த புற்கற்றையும் ஒன்றையொன்று அடுத்து, ஒரு பாய்விரிப்பில் பல நிறக் கோரைகள் இழையோடினாற்போலக் கலந்து கிடத்தல் வேண்டும். அவற்றுக்கு இடையே உள்ள தொலைவும் சிறிதாயிருத்தல் வேண்டும். ஏனெனில், சிறகு இருந்தும் மருக்கடியன் நெடுந்தொலைவு பறப்பதில்லை. பெரும்பாலும் நடந்தும் தத்தியுமே செல்லும். தான் வாழும் புல்வெளி கெட்டால், அடுத்த குன்றில் நல்ல புல்வெளி இருந்தாலும் அதனை அடைதல் அதற்கு அரிது.

இத்துணை நுண்மையான தேவையுடைய உயிர், மனிதன் நிலத்தை மாற்றும்பொழுது முதலில் துன்புறுவது இயல்பே. 1939 முதல் 1945 வரை நிகழ்ந்த இரண்டாம் உலகப் போரின்போது, உணவு விளைவிக்க வேண்டிப் புல்வெளிகள் பல உழப்பட்டன. பின்னரும் செயற்கை உரம் இட்டு நிலத்தை வளமாக்கினர். வளம் மிகவே, முரட்டுப் புல் ஓங்கிப் பலவகைச் செடிகள் அழிந்தன. ஆடு மேய்க்கும் வழக்கமும் பல இடங்களில் நின்றது. 1953ஆம் ஆண்டில் முயல்களைத் தாக்கும் கொடிய நோய் ஒன்று இங்கிலாந்துட் புகுந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்நாட்டு முயல்களுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மாண்டன. முயல்கள் கடித்துக் குட்டையாக வைத்திருந்த புல் இடுப்பளவு வளர்ந்தது; புதர்களும் மண்டின. முயலுக்கு வந்த நோய் வெட்டுக்கிளியின் வீட்டை அழித்தது என்றால் அது மிகையன்று. உயிர்களின் வாழ்வு ஒன்றோடொன்று எவ்வாறு பின்னிக் கிடக்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அழிவைத் தடுக்க அன்பு மட்டும் போதுமா? போதாது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அந்நாட்டு வரலாற்றிலேயே உண்டு. பெருநீல வண்ணத்துப்பூச்சி என்பது இங்கிலாந்தில் அருகிவந்த மற்றொரு புல்வெளி உயிர். அழகிய பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பவர்களாலேயே அது அழிகின்றது என்று பலரும் எண்ணினர். ஆகவே, 1930களில் அது வாழ்ந்த ஓரிடத்தைச் சுற்றி வேலி அமைத்தனர். வேலி, பூச்சி பிடிப்பவரைத் தடுத்தது. அதனோடு மேயும் விலங்குகளையும் தடுத்தது. புல் உயர்ந்தது. நிழலால் தரை குளிர்ந்தது. அவ்வண்ணத்துப்பூச்சியின் புழு ஒருவகைச் சிவப்பெறும்பின் கூட்டுக்குள் வளர்வது. அவ்வெறும்போ வெப்பமான தரையில் மட்டும் வாழ்வது. தரை குளிரவே எறும்பு நீங்கிற்று. எறும்பு நீங்கவே வண்ணத்துப்பூச்சியும் நீங்கிற்று. காக்க இட்ட வேலியே கேடாய் முடிந்தது. இவ்வுண்மையைத் தாமஸ் என்னும் அறிஞர் 1970களில் ஆராய்ந்து கண்டார். ஆனால், அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1979ஆம் ஆண்டில் அப்பூச்சி இங்கிலாந்தில் அற்றுப்போயிற்று. பின்னர், அவர் கண்ட உண்மையின் வழியே புல்வெளிகள் திருத்தப்பட்டு, 1980களில் சுவீடன் நாட்டிலிருந்து அப்பூச்சி கொணர்ந்து விடப்பட்டது. அதன்பின் அது மீண்டும் தழைத்தது.

இப்படிப்பினையின் பயன் மருக்கடியனுக்கும் கிட்டியது. 1981ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனவுயிர்ச் சட்டம் இதனைக் காக்கப்படும் உயிர்களுள் ஒன்றாகக் கொண்டது. இசைவு பெறாமல் இதனைப் பிடிப்பதும் கொல்வதும் அந்நாட்டில் குற்றமாகும். இலண்டன் உயிர்க்காட்சிச் சாலையில் இதனை வளர்த்துப் பெருக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அங்ஙனம் வளர்க்கப்பட்டவை 1990களில் கெண்ட் பகுதியிலுள்ள சுண்ணப் புல்வெளி ஒன்றில் விடப்பட்டன.

ஆயினும், சட்டத்தினும் வளர்ப்பினும் முதன்மையானது மேய்ச்சலே ஆகும். மேய்ச்சல் மிகுந்தால் புற்கற்றைகள் ஒழிந்து, வளர்ந்த பூச்சிக்கு மறைவிடம் இல்லாமற் போகும். மேய்ச்சல் குறைந்தால் குட்டைப் புல் மறைந்து, குஞ்சுகளுக்கு வெப்பம் இல்லாமற் போகும். எந்தத் திங்களில், எந்தச் சரிவில், எத்தனை விலங்குகளை, எத்தனை நாள் மேய்ப்பது என்பது ஆண்டுதோறும் எண்ணிச் செய்ய வேண்டிய செயலாயிற்று. ஒருகாலத்தில் இடையன் தன் பிழைப்புக்காக இயல்பாய்ச் செய்த தொழில், இன்று அறிவியலாரின் ஆராய்ச்சிக்குரிய பொருளாயிற்று. கோடைதோறும் ஆய்வாளர் புல்வெளியில் நின்று பாடும் ஆண்களை எண்ணிக் கணக்கிடுகின்றனர். கண்ணுக்குத் தெரியாத பூச்சியைக் குரலால் எண்ணுதற்கு, அக்குரல் எதனுடையது என்று ஐயமின்றி உணரும் பயிற்சி வேண்டும். இனங்காணும் கல்வியின் பயன் இங்கே விளங்கும். உரோசெல் வெட்டுக்கிளியின் பாட்டை மருக்கடியனின் பாட்டு என்று மயங்கி எண்ணினால், இல்லாத உயிர் இருப்பதாகக் கணக்கில் ஏறும். காக்க வேண்டிய காலத்தில் காவாது விடப்படும்.

'வேறு நாடுகளில் இப்பூச்சி பரவலாக உள்ளதே. ஒரு நாட்டில் சில குன்றுகளில் அது மறைவதால் வரும் கேடு யாது?' என்று சிலர் வினவக்கூடும். மருக்கடியன் வாழ்தற்கு ஏற்ற புல்வெளி, வேறு பல உயிர்களும் வாழ்தற்கு ஏற்ற புல்வெளியாகும். அதன் குரல் கேட்கும் இடத்தில் பலவகை மலர்கள் உண்டு. அம்மலர்களை நாடும் வண்டும் வண்ணத்துப்பூச்சியும் உண்டு. அக்குரல் ஓய்ந்த இடத்தில் அவற்றுள் பலவும் ஓய்ந்திருக்கும். நாடியைப் பார்த்து உடல்நலத்தை மருத்துவர் உணர்வது போல, மருக்கடியனின் பாட்டைக் கேட்டு நிலத்தின் நலத்தை உணரலாம். நாடி சிறிதுதான், ஆனால் அது நின்றால் நின்றது உயிர் அன்றோ?

ஓர் உயிரின் பெயரை அறிவது அறிவின் வாயில். அதன் உருவையும் குரலையும் பொழுதையும் அறிவது அவ்வாயிலினுள் புகுதல். அது நிற்கும் நிலத்தையும், அந்நிலத்தின் புல்லையும், அப்புல்லை மேயும் விலங்கையும், அவ்விலங்கை மேய்க்கும் மனிதனையும் ஒருங்கு சேர்த்து அறிவதே முற்ற அறிதல். அங்ஙனம் அறிந்தவர் செய்யும் காவலே காவலாகும். அறியாதார் இட்ட வேலியோ, காக்கப்பட வேண்டிய உயிரையே வெளியேற்றிவிடும்.